நாலாம் வகுப்புக் கைக்கு என்ன தெரிய வேண்டும்? பாடத்திட்டம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு என் மகள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினாள். நாலாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி மறுநாள் காலையில் ஒரு கைவினைப் பொருள் கொண்டுபோக வேண்டுமாம். ஷட்டரை இறக்கப் போன ஸ்டேஷனரி கடையில் தெர்மாகோலில் செய்த குடிசை வீடு ஒன்று ரெடிமேடாகக் கிடைத்தது. வைக்கோல் கூரை, வாசலில் ஒரு பிளாஸ்டிக் மாடு. பேத்தி அதில் செய்த ஒரே வேலை, அடிப்பக்கத்தில் தன் பெயரையும் வகுப்பையும் எழுதியதுதான். முழு மதிப்பெண் வந்தது.

என் மகள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஏழு மணிக்கு வேலையிலிருந்து வருகிறவள் அதற்கு மேல் என்ன செய்வாள்? அந்த வகுப்பு ஆசிரியை மேலும் இல்லை. நாலாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் வகுப்பு வாரியாக எழுதித் தரவில்லை. அதை எழுதித் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் தையல் ஆசிரியை. தையலில் லோயர், ஹையர் என்ற அரசுத் தேர்வு இரண்டும் எழுதி, டி.டி.சி. என்ற ஆசிரியர் பயிற்சியும் முடித்து, முதலில் 1 முதல் 8 வரை உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியிலும் பிறகு ஓர் உயர்நிலைப் பள்ளியிலுமாக 26 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தென்கோடியில், பனங்காட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற ஊர். ஆறு வயதுப் பிள்ளை முதல் பதினைந்து வயதுப் பிள்ளை வரை பார்க்கும் வாய்ப்பு தையல் டீச்சருக்கும் பி.டி. சாருக்கும்தான் கிடைக்கும். அதனால் எந்த வயதுக் கை எதைச் செய்யும், எதற்குத் திணறும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பிள்ளைகளின் விரல்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கணக்குப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டல் கழித்தலுக்கு அப்புறம் பெருக்கல், பெருக்கலுக்கு அப்புறம் பின்னம், பின்னத்துக்கு அப்புறம் இயற்கணிதம். ஒரு வருஷம் விட்டுப்போனால் அடுத்த வருஷம் தடுக்கும். கைவேலையில் அப்படி ஒன்றுமே இல்லை. ஒன்றாம் வகுப்பில் காகிதக் கப்பல். ஐந்தாம் வகுப்பில் காகிதப் பூ. எட்டாம் வகுப்பிலும் அதே காகிதப் பூ, கொஞ்சம் பெரியது. நடுவில் ஐஸ் குச்சியில் ஒரு வீடு. எட்டு வருஷம் கழித்தும் சட்டைப் பொத்தான் அறுந்தால் பிள்ளை அம்மாவைத்தான் தேடுகிறது. கைக்கும் ஒரு படிவரிசை உண்டு. ஒரு படியைத் தாண்டினால்தான் அடுத்தது வரும். நான் கண்ட வரிசையைச் சொல்கிறேன்.

முதல் இரண்டு வகுப்பில் ஊசியும் வேண்டாம், கத்தரியும் வேண்டாம். ஒன்றாம் வகுப்புக்கு மண் போதும். களிமண்ணை உருட்டி உருண்டை பிடிப்பது, பாம்பு போல நீட்டுவது, பாம்பைச் சுற்றிச் சுற்றி அடுக்கி ஒரு சொப்பு செய்வது. பாம்பு முழுக்க ஒரே கனமாக வர வேண்டும் என்றால் இரண்டு கையும் ஒரே அழுத்தத்தில் போக வேண்டும். அது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சாதாரண வேலை இல்லை. நாலு நாள் மண் பிசைந்த பிள்ளை பென்சில் பிடிக்கிற விதமே வேறு. சின்ன வகுப்புகளுக்கு அரசு கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்புகளில் எழுத்துக்கு முன்னால் ஒரு பத்து நாள் மண்ணுக்குக் கொடுத்துப் பாருங்கள் என்று நான் கேட்பது இதனால்தான்.

இரண்டாம் வகுப்பில் முடிச்சு. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பூத் தொடுப்பார்கள், பிள்ளைகள் பார்த்துக்கொண்டே வளர்வார்கள், ஆனால் பாதிப் பேருக்குத் தொடுக்க வராது. நான் பூவிலிருந்து தொடங்க மாட்டேன். கீரைக் காம்பைச் சின்னச் சின்னதாகக் கிள்ளிக் கொடுத்து, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நாரைச் சுற்றி ஒரு வளையம் போட்டு இழு என்பேன். காம்பு நசுங்கினால் நஷ்டம் இல்லை. அது கைக்கு வந்த பிறகு பூ. இரண்டாம் வகுப்பு முடியும்போது பிள்ளைக்கு இரண்டு முடிச்சு தெரிந்திருக்க வேண்டும்: இழுத்தால் அவிழ்கிற உருவு முடிச்சு ஒன்று, இழுத்தாலும் அவிழாத முடிச்சு ஒன்று. எது எங்கே வேண்டும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவு போதும்.

மூன்றாம் வகுப்பில் பின்னல். மூன்று நிறத் துணிக்கீற்றை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு மூன்று புரியாகப் பின்னச் சொல்வேன். பையன்கள் ‘சடை பின்னுகிறோம்’ என்று முதல் நாள் சிரிப்பார்கள். அந்தப் பின்னலே ஆட்டுக்குக் கயிறாகவும் பைக்குக் கைப்பிடியாகவும் ஆகும் என்று காட்டினால் சிரிப்பு நின்றுவிடும். அதோடு காகிதப் பாய். ஒரு தாளில் நீளவாக்கில் கீறல் போட்டு, வேறு நிறக் கீற்றுகளை மேலே ஒன்று கீழே ஒன்றாக நுழைப்பது. ‘ஊடும் பாவும்’ என்று தமிழ்ப் பாடத்தில் வருகிறதே, அது என்னவென்று பிள்ளை தன் கையாலேயே பார்க்கிற நாள் அது.

இந்தக் காகிதப் பாயில் நான் பார்த்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எந்தப் பாடத்திலும் ‘மக்கு’ என்று பெயர் வாங்கிய ஒரு பையன். ஏழு வரிசை நுழைத்திருந்தான். எட்டாவது வரிசையில் கட்டம் சரியாக வரவில்லை. என்னிடம் கொண்டுவந்து காட்டினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வரிசை வரிசையாக விரல் வைத்துக்கொண்டு மேலே போனான். மூன்றாவது வரிசையில் இரண்டு கீற்றை ஒன்றாகத் தாண்டியிருந்தான். அங்கே விரல் நின்றது. அவன் அழவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. எட்டு, ஏழு, ஆறு என்று ஒவ்வொன்றாக உருவி, மூன்றாவது வரை பிரித்து, மறுபடி நுழைத்தான். முப்பது நிமிஷம். மணி அடித்தது கூட அவன் காதில் விழவில்லை. கணக்கு நோட்டில் அவனுக்குத் தப்பு என்றால் சிவப்பு மையில் யாரோ போடுகிற பெருக்கல் குறி. இங்கே தப்பு எங்கே இருக்கிறது என்று பாயே அவனுக்குக் காட்டியது. திருத்தியதும் அவன்தான். ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இந்த அனுபவம் வருஷத்துக்கு நாலு தடவையாவது கிடைக்க வேண்டும் என்று நான் கேட்டால் அது பேராசையா?

நாலாம் வகுப்பில் ஊசி. இங்கேதான் தலைமை ஆசிரியர்கள் பயப்படுவார்கள். குத்திக்கொண்டால்? தொலைத்துவிட்டால்? அந்தப் பயம் நியாயமானது, அதற்கு வழியும் உண்டு. என்னிடம் ஒரு மரப்பலகை இருந்தது. அதில் பஞ்சு வைத்துத் தைத்த துணியில் 1 முதல் 40 வரை எண் எழுதியிருப்பேன். எண்ணுக்கு ஒரு ஊசி. வருகை எண் எதுவோ அதுவே பிள்ளையின் ஊசி. மணி அடிக்க ஐந்து நிமிஷம் முன்னால் 40 ஊசியும் பலகைக்கு வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் யாரும் எழுந்திருக்கக் கூடாது, காந்தத்தோடு நான் தரையில் தேடுவேன். 26 வருஷத்தில் விரலில் சின்னதாகக் குத்திக்கொண்ட பிள்ளைகள் உண்டு. அதைவிடப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

முதல் ஊசி, மொட்டை முனையுள்ள கோணி ஊசி. முதல் துணி, சாக்கு. சாக்கின் இழை தெரியும், ஓட்டையும் தெரியும், எண்ணி எண்ணி ஓட்டுத் தையல் போடலாம். அது நேராக வந்த பிறகுதான் மெல்லிய ஊசியும் காடாத் துணியும். நூல் ஒரு முழத்துக்கு மேல் வெட்டக் கூடாது. நீளமாக எடுத்தால் அடிக்கடி கோக்க வேண்டாமே என்று பிள்ளைகள் இரண்டு முழம் எடுப்பார்கள், நாலு தையலில் சிக்கு விழும். நான் ஒரு தடவை விட்டுவிடுவேன். சிக்கெடுத்த பிள்ளை மறுபடி நீளமாக வெட்டாது. நாலாம் வகுப்பை விட்டுப் போகும் நாளில் பிள்ளை தன் சீருடைச் சட்டைக்குத் தானே ஒரு பொத்தான் வைக்க வேண்டும். பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே ஒரு தீக்குச்சி வைத்துத் தைத்து, பிறகு குச்சியை உருவி, அந்த இடைவெளியில் நூலைச் சுற்றி முடிப்பது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் காஜாவில், அதாவது பொத்தான் துளையில், பொத்தான் உட்காராது. என் பேத்தி தெர்மாகோல் வீடு வாங்கிப்போனது இந்த வகுப்பில்தான்.

ஐந்தாம் வகுப்பில் ஓலை. எங்கள் ஊரில் பனை. உங்கள் ஊரில் தென்னையாக இருக்கலாம், பத்தமடைப் பக்கம் கோரையாக இருக்கலாம், வேறு எங்காவது மூங்கிலாக இருக்கலாம். பொருள் ஊருக்கு ஊர் மாறட்டும், கைக்குரிய படி மாறக் கூடாது. பாடத்திட்டத்தில் ‘பனையோலைப் பெட்டி’ என்று எழுதிவிடாதீர்கள். ‘இயற்கையாகக் கிடைக்கும் ஒரு நாரையோ ஓலையையோ பக்குவப்படுத்தி, சம அகலத்தில் கிழித்து, மூலை மடக்கி ஒரு கொள்கலம் முடைதல்’ என்று எழுதுங்கள். எதில் என்பதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும்.

குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை எடுத்துவிட்டு, ஒரே அகலத்தில் கிழிக்க வேண்டும். அகலம் சமமாக இல்லாவிட்டால் பெட்டி ஒரு பக்கம் சாயும். முடைவதற்கு முன் ஈரத்துணியில் சுற்றி வைக்காவிட்டால் மடக்குகிற இடத்தில் வெடிக்கும். அடிப்பாகம், பிள்ளை மூன்றாம் வகுப்பில் செய்த அதே காகிதப் பாய்தான். அதனால்தான் வரிசை முக்கியம் என்கிறேன். புதிதாக வருவது மூலை ஒன்றுதான். தட்டையாக இருந்த பாய் மூலையில் மடங்கிச் சுவராக எழுந்து நிற்கும். அந்த நிமிஷத்தில் வகுப்பு முழுக்க ஒரு சத்தம் வரும். அதைக் கேட்கவே ஒவ்வொரு வருஷமும் ஐந்தாம் வகுப்புக்காகக் காத்திருப்பேன்.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் அளவு வர வேண்டும். இஞ்ச் டேப்பைப் பிடிக்கக் கற்பது, செய்தித்தாளில் வரைந்து வெட்டிப் பார்த்துவிட்டுத் துணியில் கை வைப்பது, தையலுக்கு விடுகிற அரை இஞ்சை மறக்காமல் கூட்டுவது. ஆறாம் வகுப்பில் ஒரு துணிப்பை. வருஷக் கடைசியில் பழைய நோட்டில் மிஞ்சிய வெள்ளைத் தாள்களைச் சேர்த்துத் தைத்து அட்டை போட்டு பைண்டிங் செய்த ஒரு ரஃப் நோட்டு. ஏழாம் வகுப்பில் மதுரைச் சுங்குடி போலத் துணியில் புள்ளி புள்ளியாக நூலால் கட்டிச் சாயத்தில் முக்குவது. கட்டை அவிழ்க்கும்வரை என்ன வந்திருக்கிறது என்று தெரியாது. மரவேலையும் இங்கேதான் தொடங்க வேண்டும். அளந்து, கோடு போட்டு, ரம்பத்தால் அறுத்து, ஆணி அடித்து ஒரு சின்ன மணை. எனக்கு மரவேலை தெரியாது, அதனால் எங்கள் பள்ளியில் அது நடக்கவில்லை. என்னால் விட்டுப்போன படி அது. இப்போது நினைத்தாலும் குறையாகத்தான் இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் தையல் மிஷின். முதல் வாரம் நூல் கிடையாது. கோடு போட்ட தாளை வைத்து, நூலில்லாத ஊசியால் கோட்டின் மேலேயே ஓட்டச் சொல்வேன். கால் மிதியும் கண்ணும் கையும் ஒன்றாகப் போவதற்கு அந்த ஒரு வாரம் வேண்டும். சக்கரம் பின்பக்கம் சுற்றினால் நூல் அறும். அதைக் கால்தான் கற்றுக்கொள்ள வேண்டும், சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒன்பது, பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்று தெரியும். வாரத்துக்கு ஒரு பீரியட் மட்டும் பழுதுபார்ப்புக்குக் கொடுங்கள். குழாய்க்கு வாஷர் மாற்றுவது, சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவது, பிரிந்த ஓரத்தை ஹெம்மிங் செய்வது. போதும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. ‘பள்ளியில் கைத்தொழில்’ என்றால் தமிழ்நாட்டில் பலருக்கு நெஞ்சு திடுக்கென்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது.

1937இல் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாட்டிலிருந்து ஆதாரக் கல்வி வந்தது. ஜாகிர் உசேன் குழு அதற்கு எழுதிய திட்டத்தில் பள்ளி நாள் 5 மணி 30 நிமிஷம். அதில் 3 மணி 20 நிமிஷம் கைத்தொழிலுக்கு. பிள்ளைகள் செய்கிற பொருளை விற்று ஆசிரியர் சம்பளத்துக்கு வழி காணலாம் என்றும் அதில் ஓர் எண்ணம் இருந்தது. காந்தி மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இந்த இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. விற்றாக வேண்டும் என்றால் பிள்ளை தப்பு செய்ய முடியாது. தப்பு செய்ய முடியாத இடத்தில் படிப்பு எப்படி நடக்கும்? அந்தக் காகிதப் பாய்ப் பையன் ஆறு வரிசையைப் பிரித்து மறுபடி நுழைத்தானே, விற்பனைக்குச் செய்யும் இடத்தில் அந்த அரை மணி நேரத்தை அவனுக்கு யார் கொடுத்திருப்பார்கள்?

அதற்கப்புறம் 1953. கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் அரை நாள் படிப்பு, மீதி நேரம் வீட்டில் பெற்றோர் செய்யும் தொழில் என்று ராஜாஜி அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதை எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது போயிற்று. போனது நல்லது. இந்த மண்ணில் ஒரு கைத்தொழில் என்றால் அதன் பின்னால் ஒரு சாதியின் பெயர் ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஒட்டைப் பிய்த்துப் போட முடியாது என்றால் பள்ளிக்குக் கைத்தொழிலே வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன்.

பிய்த்துப் போட முடியும் என்று நான் நம்புவதற்குக் காரணம், நான் முதன்முதலாக வகுப்புக்கு ஓலை கொண்டுபோன வருஷம் நடந்த ஒரு விஷயம். மறுநாளே ஒரு தகப்பனார் பள்ளிக்கு வந்தார். பனையேறுகிறவர். நேராகவே கேட்டார்: “ஓலை முடையதுக்கா டீச்சர் பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதோம்? அது எங்க அம்மையே சொல்லிக் குடுப்பாளே.” என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னதில் தப்பே இல்லை. அப்புறம் வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். தபால்காரர் மகள், மளிகைக் கடைக்காரர் மகன், கிராம நிர்வாக அலுவலர் மகள், அவருடைய பையன், எல்லாரும் தரையில் உட்கார்ந்து ஓலை கிழித்துக்கொண்டிருந்தார்கள். “உங்க பிள்ளைக்கு மட்டும் இல்லண்ணே, எல்லாருக்கும் ஒரே வேலைதான். அடுத்த மாசம் எல்லாருக்கும் ஊசி” என்றேன். கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்று பார்த்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய அம்மாவை அனுப்பி வைத்தார். ஆச்சிக்கு எழுபது வயது இருக்கும். வகுப்புக்குள் வரவே கூச்சப்பட்டார். தலைமை ஆசிரியர் தன் அறையிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஆச்சி அதில் உட்காராமல் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, கிராம நிர்வாக அலுவலர் மகளின் கையைப் பிடித்து மூலை மடக்கச் சொல்லிக்கொடுத்தார். “இப்படி இல்ல தாயி, பெருவிரலு கீழ இருக்கணும்.” நான் மூன்று நாளாகச் சொல்லியும் வராத மூலை அந்தப் பிள்ளைக்கு வந்துவிட்டது. பையன் வகுப்பிலேயே தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் பாட்டி அன்றைக்கு டீச்சர்.

ஆகவே நான் கேட்கிற கைத்தொழிலுக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு, மூன்றையும் பாடத்திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வேலையும். எந்தப் பிள்ளைக்கும் அதன் வீட்டுத் தொழிலைப் பார்த்து வேலை ஒதுக்கக் கூடாது. வாரத்துக்கு இரண்டு பீரியட், அதுவும் பள்ளி நேரத்துக்குள், மொழிக்கும் கணக்குக்கும் உரிய நேரத்தைத் தொடாமல். பிள்ளை செய்தது பிள்ளைக்கே, விற்பனைக்கு இல்லை. கைவினைஞர்களுக்கு மாநில அரசு சாதி பாராமல் ஒரு திட்டத்தைக் கொண்டுவர முடிந்ததென்றால், பள்ளிக்கூடத்தில் அதைச் செய்ய ஏன் தயங்க வேண்டும்?

எல்லாப் பிள்ளைக்கும் என்னும்போது ஆணும் பெண்ணும் சேர்த்துத்தான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது தையல் என்றால் பெண் பிள்ளைகளுக்கு, அந்த பீரியடில் பையன்கள் தோட்டத்துக்கு. எங்கள் கடைத்தெருவில் அப்போது ஆறு தையல் கடை. ஆறிலும் மிஷினில் இருந்தது ஆண்கள். சம்பளம் வருகிற இடத்தில் தையல் ஆண் வேலை, வீட்டில் கிழிந்ததைத் தைக்கும்போது மட்டும் பெண் வேலை என்று பிள்ளைகளுக்கு நாமே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். நான் தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பையன்களையும் உட்கார வைத்தேன், பெண் பிள்ளைகளையும் மண்வெட்டி பிடிக்க அனுப்பினேன். ஒரு மாதம் முணுமுணுப்பு இருந்தது. அப்புறம் பேச்சே இல்லை. பின்லாந்தில் 1866இலேயே கைவேலை பள்ளிப் பாடமாகிவிட்டது, இன்று அங்கே 1 முதல் 7ஆம் வகுப்பு வரை கட்டாயம். துணிவேலை, மரவேலை இரண்டையும் பையன், பெண் எல்லாரும் செய்கிறார்கள். நம்மால் ஏன் முடியாது?

இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலை, உடற்கல்வி, பணிக்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதையொட்டித் தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள், மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். இத்தனை வருஷத்தில் தொகை ஏறியிருக்கிறது, பலர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், மீதிப் பேர் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் நிற்கிறார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் மட்டும் வருகிற ஒருவரால், அடுத்த வருஷம் இருப்போமா என்று தெரியாத ஒருவரால், பல வருஷத்துக்கு நீள்கிற ஒரு வரிசையை எப்படி நடத்த முடியும்? அவர்களை நிரந்தரமாக்குங்கள். ஒரே பள்ளியில் மூன்று நாள் என்பதை மாற்றி, பக்கத்திலுள்ள இரண்டு தொடக்கப் பள்ளிகளையும் அவர்கள் பொறுப்பில் கொடுங்கள். 1 முதல் 5 வரைதான் விரல் வளர்கிற காலம். அந்த வகுப்புகளுக்குச் சட்டத்திலும் ஆள் இல்லை, பள்ளியிலும் ஆள் இல்லை.

ஊரில் இருக்கிற ஆச்சிகளையும் மறக்க வேண்டாம். முடைகிறவர், குயவர், தச்சர், தையல்காரர் என்று மாதத்துக்கு ஒருவர் பள்ளிக்கு வரட்டும். சும்மா வரச்சொல்லாதீர்கள். ஒரு நாள் கூலி போகும் அவர்களுக்கு. மதிப்பூதியம் என்று ஒன்றை முறையாக எழுதி வையுங்கள்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தையல் கடையில் வெட்டித் தள்ளுகிற துணி, திருப்பூர் பனியன் வேஸ்ட், சாக்கு, செய்தித்தாள், ஓலை, மண். வாங்க வேண்டியது ஊசி, நூல், கத்தரி, டேப், ரம்பம். ரெடிமேட் தெர்மாகோலுக்குப் பெற்றோர்கள் ஒரு வருஷத்தில் செலவழிக்கிற பணத்தை ஒரு வகுப்புக்குக் கூட்டிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

மதிப்பெண் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். முப்பருவ முறை வந்தபோது, வகுப்பு நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் என்றார்கள், எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிள்ளையின் செயலுக்கு மதிப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த 40க்காகத்தான் வீட்டில் செய்துகொண்டு வருகிற பழக்கமும் பெருகியது. கைவேலை வகுப்பறையை விட்டு வெளியே போகக் கூடாது, வீட்டுப்பாடமாகக் கொடுக்கவே கூடாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எழுத்துத் தேர்வும் வேண்டாம். ‘ஓட்டுத் தையல் என்றால் என்ன?’ என்று இரண்டு மதிப்பெண் கேள்வி வந்துவிட்டால் அதோடு தையல் செத்துவிடும். அதற்குப் பதில் மாதிரி நோட்டு வையுங்கள். டி.டி.சி. படிக்கும்போது நாங்கள் வைத்திருந்தது போல, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. இரண்டாம் வகுப்பின் முடிச்சிலிருந்து எட்டாம் வகுப்பின் காஜா வரை செய்ததை எல்லாம் ஒட்டி, தேதி போட்டு வைப்பது. கோணல் தையலையும் ஒட்ட வேண்டும். பிள்ளை வகுப்பு மாறும்போது நோட்டும் கூடப் போகட்டும். அடுத்த ஆசிரியர் அதைத் திறந்தால் இந்தக் கை எதுவரை வந்திருக்கிறது என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் நடக்கிற கலைத் திருவிழாவை நான் விரும்பிப் பார்க்கிறேன். களிமண்ணில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் செய்கிறதைப் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறேன். ஆனால் அங்கே மேடைக்கு வருவது பள்ளிக்கு ஒன்றிரண்டு பேர், ஏற்கெனவே கை வந்தவர்கள். நான் பேசுவது வகுப்பில் மீதி இருக்கிற 38 பேரைப் பற்றி.

என்னிடம் அப்படிப்பட்ட மாதிரி நோட்டுகள் பதினொன்று இருக்கின்றன. பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போகும்போது ‘டீச்சரே வச்சுக்கிடுங்க’ என்று கொடுத்துவிட்டுப் போனவை. அதில் ஒன்று அந்தக் காகிதப் பாய்ப் பையனுடையது. மூன்றாம் வகுப்புப் பாய் முதல் பக்கத்தில் இருக்கிறது, எட்டாம் வகுப்பில் அவன் மிஷினில் போட்ட காலர் கடைசிப் பக்கத்தில். ஓரம் கொஞ்சம் பூச்சி அரித்திருக்கிறது, ஆனால் தையல் நன்றாகத் தெரிகிறது. வகுப்பு வாரியாக எழுத உட்காரும்போது அவை உங்கள் மேஜையில் இருந்தால் உதவும் என்று நினைக்கிறேன். சொல்லி அனுப்புங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை ஒருத்தி